நீல வளையமும் எலுமிச்சம்பழமும்

கேள்வி: கனடாவிலிருந்து என் மருமகன் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். நீல வளையங்கள் போட்ட ஒரு சின்ன ஒக்டோபஸை ஒருவர் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சுகிறார். அதன் விஷம் 26 பேரைக் கொல்லுமாமே? நம் பக்கத்துக் கடலில் உண்டா? கடித்தால் எலுமிச்சம்பழம் தேய்க்கலாமா? கூழுக்குக் கணவாய் வாங்கவே பயமாக இருக்கிறது.
– வாசகி, காரைநகர்

பதில்: 26 என்று யார் எண்ணிப் பார்த்தார்களோ! ஒருவரைக் கொல்லப் போதும். அந்த ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையானால் மற்ற 25 பேரைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

வீடியோக்காரர் பிழைத்தது அவருடைய அதிர்ஷ்டம். சும்மா கிடக்கும்போது அந்தப் பிராணி மங்கிய மஞ்சளாக, மணலோடு மணலாகத்தான் இருக்கும். வெருண்டால்தான் நீல வளையம் பளிச்சிடும். அவர் ரசித்த அழகு, 'என்னை விடு' என்ற எச்சரிக்கை. 1954இல் அவுஸ்திரேலியாவின் டார்வின் அருகே ஓர் இளைஞர் இப்படித்தான் அதைத் தோளில் ஊரவிட்டார். கழுத்தருகே கடித்தது. சில மணி நேரத்துக்குள் இறந்துபோனார்.

அவுஸ்திரேலியாதானே என்று ஆறுதல் அடையவும் வேண்டாம். இதே இனத்தில் ஒரு வகையை, அந்தமானில் கிடைத்த ஒன்றை வைத்து 1938இல் பதிவு செய்தார்கள். 2013இல் சென்னைக் கடலில் கிடைத்ததையும் பதிவு செய்தார்கள். சென்னை நமக்கு எவ்வளவு தூரம்?

கடி பெரும்பாலும் வலிக்காது. கடிபட்டதே தெரியாமல் போகலாம். விஷம், நம் மீனவர்கள் வலையில் வந்தால் தூக்கி எறிகிற பேத்தை மீனில் உள்ள அதே டெட்ரோடோடொக்சின். நரம்பின் கட்டளை தசைக்குப் போய்ச் சேராது. உதடும் நாக்கும் மரத்து, பேச்சுக் குழறி, இமை சரிந்து, கடைசியில் மூச்சுவிடும் தசையும் நின்றுவிடும். கொடுமை என்னவென்றால், பல வேளைகளில் நினைவு மட்டும் தப்பாது. சுற்றி நின்று 'முடிந்துவிட்டது' என்று அழுபவர்களின் குரல் அவர் காதில் விழுந்துகொண்டிருக்கும். விரலை அசைத்து 'இருக்கிறேன்' என்று சொல்ல முடியாது. ஆகவே ஆள் அசையவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள்.

எலுமிச்சம்பழத்தைச் சர்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாற்று மருந்தே இல்லாத விஷம் இது. மூச்சு நின்றால் பக்கத்தில் இருப்பவர் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். வைத்தியசாலையில் செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தும்வரை நிறுத்தக் கூடாது. உடல் தானே விஷத்தைக் கழித்துவிடும். முதல் 24 மணி நேரத்தைக் கடந்தவர்கள் பெரும்பாலும் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். கடிபட்ட கை கால் முழுவதையும் அகலமான பன்டேஜால் அழுத்திச் சுற்றி, அசையாமல் வைத்து, 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் வேண்டாம். திருக்கை முள்ளுக்குச் சுடுநீர் உதவும், இதற்கு உதவாது.

கூழுக்கு வழக்கமாக வாங்கும் கணவாயை ஒடியல் மாவோடு தாராளமாகச் சேருங்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீல வளையக்காரனை மட்டும் சட்டிக்குக் கொண்டுவராதீர்கள். எவ்வளவு கொதித்தாலும் அந்த விஷம் அழியாது. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து கசூரினா கடற்கரையில் இறங்கினால், வெறும் சிப்பியையும் பழைய போத்தலையும் கையால் எடுத்துத் துழாவ விடாதீர்கள். அதற்குப் பிடித்த வீடு அதுதான்.