அருவாள் பிடியின் கடைசி ஏன் புடைத்திருக்கிறது?

பிடி என்பது கை பற்றும் மரப்பகுதி. திருநெல்வேலிப் பக்கம் உடைமுள் வெட்டுகிற அருவாளில் நல்ல பிடி நடுவில் சற்று ஒடுங்கி, கடைசியில் புடைத்திருக்கும். ஓங்கி வீசும்போது அருவாள் கையை விட்டு வெளியே ஓடப் பார்க்கும். கை வியர்த்திருந்தால் இன்னும் மோசம். அந்தப் புடைப்பு சுண்டுவிரலில் முட்டி நிறுத்திவிடும்.

அப்புறம், தடிமன். ஒல்லிப் பிடியை இறுக்கிப் பிடித்தே முன்கை கடுத்துப்போகும். கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்குத் தெரியும்: வாளி அதேதான், மெல்லிய நைலான் கயிறு கையை அறுக்கும், தடித்த தேங்காய்நார்க் கயிறு அவ்வளவு அறுக்காது. பாரம் உள்ளங்கையில் பரவுவதுதான் காரணம். (நாங்கள் ஒல்லிப் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிடுவோம். அழகாக இருக்காது, அதிர்வு குறையும்.)

வழவழவென்று வார்னிஷ் அடித்த பிடிதான் கைக்குச் சுகம் என்று பலர் நினைக்கிறார்கள். வியர்வை பட்டதும் அதுதான் முதலில் வழுக்கும்.