ஒரு சுவரும் இரண்டு இரவும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்துவிட்டு ஊருக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. வயது 27. பள்ளத்தூரில் எங்கள் வீட்டு மாடியில்தான் வரைகிறேன். கொச்சி, டெல்லி, பெங்களூரு என்று ரெசிடென்சிகளுக்கு, அதாவது ஓவியர்கள் தங்கி வரையும் இடங்களுக்கு, விண்ணப்பித்துப் பார்த்தேன். எல்லாரும் ஆங்கிலத்தில் என்னைப் பற்றி ஒரு பக்கம் கேட்கிறார்கள். அங்கேயே நின்றுவிடுகிறேன். சென்னைக்குப் போனால் வழி பிறக்குமா? வயிற்றுப்பாட்டுக்கு ஆத்தங்குடியில் ஒரு பூக்கல் (பூப்போட்ட தரை ஓடு) பட்டறைக்கு டிசைன் போட்டுத் தருகிறேன். கல்லூரி நண்பர்களிடம் அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இப்போது ஹோட்டலாக மாறியிருக்கும் ஒரு பெரிய வீட்டில், சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் இருபது அடிக்குப் படம் எழுதக் கேட்கிறார்கள். சம்பளம் இல்லை. பெயிண்ட் செலவு அவர்களுடையது. இரண்டு இரவு தங்கிக்கொள்ளலாம், வெளிநாட்டுக்காரர்கள் பார்ப்பார்கள், பெயர் வரும் என்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு உதவ ஏதாவது அமைப்பு இருக்கிறதா?

ம., பள்ளத்தூர்

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் அப்பாவின் பழைய பேரேடு ஒன்றைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா கானாடுகாத்தான் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளை. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன், உங்கள் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் இளங்கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயது வரை, மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருஷம். அதைத் தவறவிட்டுவிட்டீர்கள். 25க்கு மேல் 40 வரை ஜூனியர் ஃபெல்லோஷிப் உண்டு, மாதம் 10,000, அதுவும் இரண்டு வருஷம். அறிவிப்பு வரும்போது போடுங்கள். சென்னையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம் இருக்கிறது, மாநில அரசின் ஓவிய நுண்கலைக் குழு இருக்கிறது. பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் நல்கை தருகிறது. ஆங்கிலம் ஒரு பிரச்சினையே இல்லை. தமிழில் எழுதுங்கள், தெரிந்த ஒரு டீச்சரிடம் கொடுத்து மாற்றுங்கள். சென்னைக்குப் போவதும் போகாததும் உங்கள் வீட்டு வாடகைக் கணக்கு, என்னிடம் கேட்க வேண்டாம்.

பூக்கல்லுக்குக் கூச்சப்பட்டீர்களே, அதுதான் எனக்குக் கோபம். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சாந்தை ஊற்றி, அச்சைத் தூக்கும்போது ஒரு சொட்டு பக்கத்து அறைக்குள் போகாமல் கை நிதானித்து நிற்க வேண்டும். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. கல்லுக்கு வரும் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. அந்தக் கைக்கு நீங்கள் கோலம் போட்டுத் தருகிறீர்கள். இதில் எதைச் சொல்லக் கூச்சம்? சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் மெழுகு வைத்துச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் நிலம் வாங்கித்தான் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. அங்கே யாரும் கூசியதாக நான் கேட்டதில்லை. இனி யார் கேட்டாலும் முதல் வரியில் பூக்கல்லைச் சொல்லுங்கள்.

இப்போது பேரேட்டுக்கு வருகிறேன். அந்த வீட்டில் ஏதோ மராமத்து நடந்த வருஷத்துக் கணக்கு அது. தச்சு வேலை செய்த ஆசாரியின் பெயர், அவர் தகப்பன் பெயர், ஊர், நாள் கூலி எல்லாம் அப்பாவின் முத்து முத்தான கையெழுத்தில் இருக்கிறது. சுண்ணாம்பு அரைத்த பெண்களின் பெயர்கூட இருக்கிறது. வளவின் (நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தின்) மேல்விளிம்பில் ஓடும் கொடியையும் கிளிகளையும் எழுதியவருக்கு மட்டும் ஒரே வரி: “படம் எழுதினவன் வகையில் ரூ. 40.” அவ்வளவுதான். கிளிகள் இன்றும் இருக்கின்றன. எழுதியவர் யார் என்று தெரிந்துகொள்ள இனி எனக்கு வழி இல்லை. அப்பா கெட்டவர் இல்லை. அந்த மனிதர் தன் பெயரைச் சொல்லவில்லை, இவர் கேட்கவில்லை.

காரைக்குடியில் எங்கள் போர்டு அண்ணனை உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவார். எழுத்தின் வளைவு எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்று நான் கற்றது அவர் ஏணியின் கீழே எனாமல் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் இரண்டே வருஷத்தில் படுத்துவிட்டது. அப்போதுதான் ஒரு வீட்டை ஹோட்டலாக்கிக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். நான்கு மாதம். தேர் இழுக்கும் கூட்டத்தை ஒரு சுவர் முழுக்க எழுதினார். நாள் கூலி கொடுத்தார்கள், சாப்பாடு போட்டார்கள், நன்றாகத்தான் நடத்தினார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் துணிப்பை ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் விரித்தார். அவர் எழுதிய தேர். மெனு அட்டையிலும் அதுதான், வாழ்த்து அட்டையிலும் அதுதான். கேட்கப் போனபோது, “கூலி வாங்கிட்டீங்களே அண்ணே” என்றார்களாம். அவர் என்னிடம் கேட்டது காசைப் பற்றி இல்லை. “எம் பேரு எங்கடா?” என்று பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்தப் பை என்னிடம் இருக்கிறது.

ஆத்திரத்தில் நான் வக்கீல் நண்பர் ஒருவரிடம் ஓடினேன். சட்டம் பெரும்பாலும் அவர்கள் பக்கம்தான் என்றார். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு. ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்கு விலையும் தந்து வரையச் சொன்ன ஓவியத்தின் உரிமை, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே போகிறது. “இல்லாவிட்டால்” என்ற சொல்லை நன்றாகப் பாருங்கள். ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தத் தேர் அண்ணனுடையது. பிறகு படம் விலைக்குக் கைமாறினால் மறுவிற்பனையில் பங்கு கேட்க 53ஏ பிரிவு இருக்கிறது, அதுவும் முதல் உரிமை யாருக்கோ அவருக்குத்தான்.

உங்கள் இரண்டு இரவுக்கு வருகிறேன். சம்பளம் இல்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அந்த அறை வாடகையைத்தான் விலையாகக் கொடுத்தோம் என்று நாளைக்கு அவர்கள் வாதாட இடம் இருக்கிறது. இரண்டு ராத்திரித் தூக்கத்துக்கு இருபது அடிச் சுவரையும், அதை எத்தனை பையில் வேண்டுமானாலும் அச்சடிக்கும் உரிமையையும் எழுதாமலே எழுதிக் கொடுத்துவிடுவீர்கள். படித்த பிள்ளை இதைச் செய்யலாமா?

ஒப்பந்தம் கேட்டால் தவறாக நினைத்துக்கொள்வார்கள் என்று பயப்படுவீர்கள், எனக்குத் தெரியும். எந்த ஊரில் இருந்துகொண்டு பயப்படுகிறீர்கள்! கல்யாணத்தையே இசைகுடிமானம் என்று ஓலையில் எழுதி இரு வீட்டாரும் கையெழுத்துப் போட்ட ஊர் இது. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித் தொழில் பேரேட்டின் பலத்தில் நின்றது. கணக்கு எழுதக் கேட்பதை இங்கே யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்காதவனைத்தான் ஏமாளி என்பார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையாவும் பெயர்ப்பலகை எழுதிய ஓவியர்தான். கல்யாணப் பத்திரிகையையும் நோட்டீஸையும்கூட விடாமல் சேர்த்தவர். அவர் சேர்த்ததுதான் இன்று சென்னையில் அவர் பெயரில் நூலகமாக நிற்கிறது. தூரிகை பிடித்த கைக்குக் காகிதத்தின் அருமை தெரியாது என்று எவரும் உங்களிடம் சொல்ல விடாதீர்கள்.

ஆகவே, போவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும். சுவரின் அளவு, எத்தனை நாள், எவ்வளவு பணம், அதில் பாதி முன்பணம். ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியருக்கே. அட்டையிலோ பையிலோ துணியிலோ போடுவதென்றால் தனியாக எழுதி, தனியாகப் பணம். சுவரின் வலது கீழ் மூலையில் உங்கள் பெயரும் வருஷமும். பெயர் உரிமை, படத்தைச் சிதைக்காமல் காக்கும் உரிமை இரண்டும் 57ஆம் பிரிவில் எப்படியும் உங்களோடு இருக்கிறது. டெல்லி விக்யான் பவனிலிருந்து 1979இல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்ட தன் வெண்கலச் சுவர்ச்சிற்பத்துக்காக அமர்நாத் சேகல் வழக்காடினார். மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. எத்தனை வருஷம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு அவ்வளவு காத்திருக்க நேரமில்லை, அதனால்தான் இப்போதே எழுதச் சொல்கிறேன்.

பணம் தர மாட்டோம் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். உங்கள் மாடியிலும் சுவர் இருக்கிறது.

கையெழுத்துப் போட ஒரு சாட்சி வேண்டுமென்றால் காரைக்குடி பேருந்து நிலையத்தில் இறங்கி எனக்குப் போன் செய்யுங்கள், நானே உடன் வருகிறேன். இன்னொன்று, இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சுவரில் என்ன படம் எழுதப் போகிறீர்கள் என்று சொல்லவே இல்லையே?