ஆர்கானிக், பயோடைனமிக் என்று போட்ட ஒயினுக்கான திராட்சைக்கு மருந்தே அடிப்பதில்லையா?

அடிக்கிறார்கள். அதுவும் நம்ம ஊர்த் திராட்சைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த மருந்தைத்தான். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை.

கம்பம் பக்கம் என் மாமாவுக்குப் பன்னீர் திராட்சைப் பந்தல் இருந்தது. வானம் மூட்டம் போட்டாலே அடிச்சாம்பல் நோய்க்குப் பயந்து மயில்துத்தத்தை ஊறவைத்துவிடுவார். அந்தப் 'போர்டோ' பிரான்சில் ஒயினுக்குப் பேர்போன ஊர் என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அங்கே சாலையோரக் கொடிகளில் பழம் திருடுபவர்கள் பார்த்ததும் பயப்படட்டும் என்று இதைத் தெளித்து வைப்பார்களாம். அந்த வரிசைகளில் மட்டும் இலை உதிராமல் நின்றதை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். 1885ல் அதையே மருந்தாக அறிவித்தார். திருடனை விரட்ட வைத்தது பூஞ்சையை விரட்ட உதவியது!

மயில்துத்தத்தில் இருப்பது தாமிரம். அது தொழிற்சாலையில் புதிதாக உருவாக்கிய பூச்சிக்கொல்லி இல்லை என்பதால் ஆர்கானிக் விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் அது மட்காது. அடித்ததெல்லாம் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவுக்கும் ஆகாது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. இன்னொரு சிக்கல், தாமிரம் இலையின் மேலேதான் ஒட்டி நிற்கும். நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், திரும்ப அடிக்க வேண்டும், திரும்ப டிராக்டர், திரும்ப டீசல். 'நீடித்த விவசாயம்' என்று முத்திரை வாங்குபவர்கள் இதைத்தான் சுட்டிக்காட்டுவார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த முத்திரைகள் பலவற்றில் ரசாயன மருந்துக்கு இடம் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, பயோடைனமிக். 1924ல் ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டெய்னர் விவசாயம் பற்றி ஆற்றிய உரைகளில் தொடங்கியது. (மனுஷன் மதுவை நல்லதாக நினைத்தவர் இல்லை, அது வேறு கதை.) ஆர்கானிக் விதிகளோடு கொம்பு சாண உரமும் சேரும். பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்துவைத்து, அப்புறம் எடுத்து, ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் வலமும் இடமுமாகக் கலக்கித் தெளிப்பார்கள். நிலா, கிரகம் பார்த்து நாள் குறிப்பதும் உண்டு. பிரான்சில் பர்கண்டி பகுதியின் பேர்போன ஒயின் நிறுவனமான ரோமானே-கோன்டி 2007 முதல் தோட்டம் முழுவதையும் இப்படித்தான் பார்த்துக்கொள்கிறது. ஆனால் ஜெர்மனியின் கைசன்ஹைமில் ஒரே தோட்டத்தில் வழக்கமான முறை, ஆர்கானிக், பயோடைனமிக் மூன்றையும் வைத்து ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். ஆர்கானிக், பயோடைனமிக் இரண்டிலும் மகசூல் குறைந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கொம்பை நான் நம்பவில்லை. நாள்தோறும் கொடி கொடியாகப் பார்த்துக்கொண்டு நடக்கிற ஆள் கொம்பு புதைத்தால் எனக்கு ஆட்சேபமும் இல்லை.

தோட்டத்தைத் தாண்டிப் பாட்டிலுக்கு வந்தால் விதி மறுபடி மாறும். சாதாரணச் சிவப்பு ஒயினில் ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டை ஐரோப்பா லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை விடுகிறது, ஆர்கானிக் என்றால் 100. அமெரிக்காவிலோ ஆர்கானிக் ஒயினில் சல்ஃபைட் சேர்க்கவே கூடாது. பிரான்சில் ஆர்கானிக் ஒயினாக விற்கிற அதே பாட்டில், சல்ஃபைட் சேர்த்திருந்தால், அமெரிக்காவுக்குப் போய் 'ஆர்கானிக் திராட்சையில் செய்தது' என்று மட்டும்தான் போட்டுக்கொள்ள முடியும்.