காலையில் குசினியில் காஸ் வாடை: சுவருக்குள் ஓடும் பழைய குழாயை என்ன செய்வது?

ஹட்டனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “எங்களுடையது தோட்டக் காலத்துப் பழைய வீடு. சிலிண்டர் பின்புறம் வெளியே நிற்கிறது. இரும்புக் குழாய் சுவருக்குள்ளாகக் குசினிக்கு வருகிறது. அடுப்பை மூடியிருந்தும் காலையில் காஸ் வாடை அடிக்கிறது. எம்-சீல் பூசினால் போதுமா?”

போதாது, பூசவும் வேண்டாம். ஓரிடத்தை அடைத்தால், சுவருக்குள் கசியும் வாயு வேறொரு வெடிப்பின் வழியாக வெளிவரும். கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் கடினமாகும். பழுது பார்த்து முடியும்வரை சிலிண்டர் வால்வை மூடியே வையுங்கள்.

சமையல் வாயுவிலுள்ள புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரண்டு மடங்கும் கனமானவை என்பதால், கசிந்த வாயு தரையோடு தங்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே தீப்பற்றக்கூடும். குளிருக்காகக் கதவடியில் சாக்கை மடித்துச் செருகுவது நம் மலையகத்து வழக்கம். பனிக்கு அது நியாயமே, ஆனாலும் அந்த வாயு வெளியேறக்கூடிய இடைவெளியும் அந்தக் கதவடியே. வாடை தெரிந்தால் சுவிட்சைப் போடவோ அணைக்கவோ கூடாது, விறகடுப்பையும் மூட்டக் கூடாது. கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து வால்வை மூடுங்கள்.

வாடை முற்றாகப் போனபின், அடுப்புக் குமிழ்களை மூடியபடியே வால்வைத் திறந்து, ரெகுலேட்டர், ஹோஸ் கிளிப், குழாய் மூட்டுகள் ஆகியவற்றில் சவர்க்கார நீரைப் பஞ்சால் தடவுங்கள். கசியும் இடத்தில் குமிழி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொங்கும். தீக்குச்சியால் ஒருபோதும் சோதிக்காதீர்கள். ரப்பர் ஹோஸை விரலில் வளைத்துப் பாருங்கள். மயிரிழைபோல் வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

வெளியே எங்கும் குமிழி வராவிட்டால் சுவருக்குள் இருக்கும் பகுதியைத்தான் நான் சந்தேகிப்பேன். ஈரச் சுவரில் இரும்பு துருப்பிடிக்கும். மூட்டுகளில் அக்காலத்தில் சுற்றிய சணல் நாரும் காலப்போக்கில் காய்ந்து சுருங்கும். அனுபவமுள்ள தொழில்நுட்பவியலாளர் குழாயின் இரு முனைகளையும் அடைத்து, காற்றழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா எனப் பார்ப்பார். இறங்கினால், சுவரை உடைத்துப் பழையதைத் திருத்துவதில் பணத்தைச் செலவிடாதீர்கள். அதைக் கைவிட்டு, கண்ணுக்குத் தெரியும்படி சுவரின் மேலாகப் புதிய செப்புக் குழாயை இழுத்து, சுவரைக் கடக்கும் இடத்தில் உறைக்குழாய் போட்டு, அடுப்பருகே தனியாக ஒரு வால்வும் பொருத்தச் சொல்லுங்கள்.

2021 இறுதியில் இலங்கையில் காஸ் வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்தபோது சிலிண்டருக்குள் இருக்கும் புரொப்பேன், பியூட்டேன் கலவையைப் பற்றியே அதிகம் பேசினோம். பழைய வீடுகளின் குழாய்களையும் அதே கவலையோடு பார்த்திருக்க வேண்டும்.

வேலை நடக்கும்போதே குசினியில் தரைமட்டத்தில், வெளிப்புறம் நோக்கிக் கம்பிவலையிட்ட துவாரம் ஒன்றும் வைத்துவிடுங்கள். சிலிண்டர் நிற்கும் பக்கத்துச் சுவரில் மட்டும் அது வேண்டாம்.