ஆஸ்திரேலியாவில் ரேபிஸ் இல்லை என்கிறார்களே, வௌவால் கீறினால் மட்டும் ஏன் ஊசி?

நாய் மூலம் பரவும் ரேபிஸ் அங்கே இல்லை, சரிதான். ஆனால் அதன் பங்காளியான லிஸாவைரஸ் ஒன்று வௌவால்களிடம் இருக்கிறது. 1996-ல் நியூ சவுத் வேல்ஸின் பலினா பக்கம் ஒரு பழந்தின்னி வௌவாலிடம் கண்டுபிடித்தார்கள். மனிதருக்குத் தொற்றுவது அபூர்வம். அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பதில்லை. குயின்ஸ்லாந்தில் ஒரு பெண், குழந்தையின் முதுகில் வந்து ஒட்டிக்கொண்ட வௌவாலைப் பிய்த்தெடுக்கும்போது கையில் கடிபட்டார். இறந்தது 1998-ல், இரண்டு வருடத்துக்கும் மேல் கழித்து! வைரஸ் நரம்பு வழியாக மூளைக்கு ஏறும் அந்த இடைவெளிக்குள் சாதாரண ரேபிஸ் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் (வைரஸை எதிர்க்கும் தயார்நிலைப் புரத ஊசி) போட்டால் தடுக்கலாம். இரண்டு வைரஸும் அவ்வளவு ஒத்தவை. சின்னக் கீறல்தானே என்று விடாமல் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அப்புறம், தலைக்கு மேல் வௌவால் பறந்ததற்கெல்லாம் ஊசி வேண்டாம்.