இங்கிலாந்தில் மாடிப்படியில் கூடித் தொல்லை தருபவர்களைப் பற்றி முறையிட்டும் பயனில்லை. இனி என்ன செய்யலாம்?

போலீஸ் கவுன்சிலை (உள்ளாட்சி மன்றத்தை) கைகாட்டுகிறது, கவுன்சில் போலீஸைக் கைகாட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அலைச்சலை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பட்டவன் நான்.

அப்போது நாங்கள் கிழக்கு லண்டனில், நான்கு மாடிக் கவுன்சில் குடியிருப்பு ஒன்றில் இருந்தோம். இரவு பத்து மணிக்குமேல் ஏழெட்டுப் பேர் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். காலையில் மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும்போது, விரல் நீள வெள்ளி நிறக் குப்பிகளும் சுருங்கிய பலூன்களும் காலில் இடறும். குப்பியிலுள்ள நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைப் பலூனில் அடைத்துப் போதைக்காக உறிஞ்சுகிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. (2023 நவம்பரிலிருந்து, போதைக்காக அதை வைத்திருப்பதே குற்றம்.)

முதல் சில மாதங்கள் "நமக்கேன் வம்பு" என்று இருந்துவிட்டேன். பிறகு பொறுக்க முடியாமல், அவசரமில்லாத முறையீடுகளுக்கான போலீஸ் எண்ணான 101-ஐ அழைத்தபோதெல்லாம், புதிதாக நடந்ததுபோல் முதலிலிருந்து சொல்லிவிட்டு, அவர்கள் தந்த பதிவு எண்ணைக்கூடக் குறித்துக்கொள்ளாமல் போனை வைத்தேன். கீழ்வீட்டு ஜமைக்கா மூதாட்டிதான் ஒருநாள் தம் நோட்டுப்புத்தகத்தை எடுத்துக் காட்டினார்: தேதி, மணி, நடந்தது என்ன, எவ்வளவு நேரம், யாரிடம் சொன்னது, பதிவு எண். அடுத்த வாரமே நானும் ஒரு நோட்டு வாங்கினேன்.

அந்த எண்கள் ஏன் முக்கியம் என்றால், சமூகவிரோத நடத்தை பற்றிய 2014-ஆம் ஆண்டுச் சட்டம், தம் முறையீடுகளை மறு ஆய்வு செய்யக் கோரும் உரிமையைத் தொல்லைக்கு உள்ளானவருக்குத் தருகிறது. முன்பு கம்யூனிட்டி டிரிக்கர் என்றார்கள், இப்போது ஏஎஸ்பி கேஸ் ரிவ்யூ என்கிறார்கள் (ஏஎஸ்பி என்பது சமூகவிரோத நடத்தையின் ஆங்கிலச் சுருக்கம்). எத்தனை முறையீடுகள் இருந்தால் இதைக் கோரலாம் என்பதை அந்தந்தப் பகுதியே முடிவுசெய்தாலும், ஆறு மாதத்தில் மூன்று முறையீடுகளுக்கு மேல் இருந்தாக வேண்டும் என்று எந்தப் பகுதியும் கேட்கக் கூடாது. ஒவ்வொன்றும் சம்பவம் நடந்த ஒரு மாதத்துக்குள் சொல்லப்பட்டிருக்க வேண்டும். அந்த எண்ணிக்கையை எட்டிவிட்டால், கவுன்சில், போலீஸ், சுகாதாரத் துறை, வீட்டுவசதி அமைப்பு ஆகியவை தங்கள் பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து உங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. லெஸ்டர்ஷயரின் பார்வெல் ஊரில், தெருப்பையன்களின் தொடர் தொல்லையைப் பற்றி ஃபியோனா பில்கிங்டன் என்ற தாய் பத்தாண்டுகளில் 33 முறை போலீஸைத் தொடர்புகொண்டார். ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு விஷயமாகவே நடத்தினார்கள். 2007-இல் அவரும் மாற்றுத்திறனாளியான மகளும் இறந்துபோன பிறகுதான் அவை அனைத்தும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கப்பட்டன.

மறு ஆய்வு கேட்டவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள்; அது பரிந்துரைதான் செய்யும். எங்களுக்கு நுழைவுக் கதவின் பூட்டு மாறியது, படிக்கட்டில் விளக்கு எரிந்தது. பையன்களில் பாதிப்பேர் அடுத்த தெருக் கார் நிறுத்தத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே குடியிருந்தவர்கள் எங்களை வாழ்த்தியிருக்க மாட்டார்கள்.

இன்றிரவே கடைசி ஒரு மாதத்தில் நடந்தவற்றைத் தேதியிட்டு எழுதிக் கவுன்சிலுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் சொன்னதற்கும் பதிவு எண் கேட்டு வாங்குங்கள். மிரட்டலோ அடிதடியோ என்றால் நோட்டை எடுக்க வேண்டாம், நேரே அவசர எண் 999-ஐ அழையுங்கள்.