லேவியராகமப் பலிகளை இன்றைய கிறிஸ்தவர் எப்படி வாசிப்பது?

எல்லாப் பலியும் பாவத்துக்குத்தான் என்று நினைத்து, பழைய ஏற்பாட்டின் பலி முறைகளைச் சொல்லும் லேவியராகமத்தைத் திறப்பவர்கள் இரண்டாம் அதிகாரத்திலேயே குழம்பிவிடுகிறார்கள். அங்கே வரும் போஜனபலியில் ஆடும் இல்லை, மாடும் இல்லை. மெல்லிய மாவு, எண்ணெய், தூபவர்க்கம், உப்பு, அவ்வளவுதான். புளித்த மாவும் தேனும் பலிபீடத்தில் எரியவே கூடாது.

எந்தப் பலியானாலும் மூன்றைக் கவனியுங்கள்: இரத்தம் எங்கே போகிறது, பலிபீடத்தில் எது எரிகிறது, மீதியை யார் சாப்பிடுகிறார்கள்.

சர்வாங்க தகனபலியில் கொண்டுவந்தவரே மிருகத்தின் தலையில் கைவைத்து, அவரே அறுக்கிறார். பிறகு ஆசாரியர்கள், அதாவது பலிபீடத்தில் ஊழியம் செய்யும் குருக்கள், இரத்தத்தை எடுத்துப் பலிபீடத்தைச் சுற்றித் தெளிக்கிறார்கள். தோல் ஆசாரியருக்கு, மற்றதெல்லாம் நெருப்புக்கு. சமாதானபலியோ விருந்து. கொழுப்பு, இரண்டு குண்டிக்காய்கள் (சிறுநீரகங்கள்), கல்லீரலின் மேலுள்ள ஜவ்வு மட்டும் எரியும். மார்புப் பகுதியும் வலது தொடையும் ஆசாரியருக்குப் போக, மீதியைக் கொண்டுவந்தவரும் அவரைச் சேர்ந்தவர்களும் உண்பார்கள். ஸ்தோத்திரத்துக்காகச் செலுத்தியதானால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். பொருத்தனையானால், அதாவது நேர்ந்துகொண்டதானால், மறுநாள் வரை வைத்திருக்கலாம். மூன்றாம் நாள் சாப்பிட்டால் அந்தப் பலியே அங்கீகரிக்கப்படாது.

பாவநிவாரணபலியில்தான் இரத்தத்தின் இடம் மாறுகிறது. சாதாரண ஜனங்களில் ஒருவர் பாவம் செய்தால் ஆசரிப்புக் கூடாரத்தின் முற்றத்திலுள்ள பலிபீடத்தின் கொம்புகளில் பூசினால் போதும். பிரதான ஆசாரியரோ சபை முழுவதுமோ பாவம் செய்தால் இரத்தம் கூடாரத்துக்கு உள்ளே போகிறது: மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைக்கும் திரைக்கு முன் 7 தரம் தெளித்து, தூபபீடத்தின் கொம்புகளில் பூசுகிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் திரையையும் கடந்து, உடன்படிக்கைப் பெட்டியின் மூடியாகிய கிருபாசனம் வரை போகிறது. பொறுப்பு பெரிதாகப் பெரிதாகப் பாவத்தின் கறையும் உள்ளே போகிறது என்பதே இதன் கணக்கு. உள்ளே இரத்தம் போன மிருகத்தின் இறைச்சியை யாரும் தின்னக்கூடாது. பாளயத்துக்கு வெளியே சுட்டெரிக்க வேண்டும். இது தெரியாமல் புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபத்தில் 13-ம் அதிகாரத்தை வாசித்தால், இயேசு நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டதை அந்த நிருபம் ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்கிறது என்பது பிடிபடாது.

ஏழைக்கு ஆட்டுக்குப் பதில் இரண்டு புறா. அதற்கும் வழியில்லாவிட்டால் எப்பா என்ற பழைய தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு, அதாவது ஏறக்குறைய 2 லிட்டர். எண்ணெயும் தூபவர்க்கமும் இல்லாமல். பிள்ளை பெற்ற தாயின் சுத்திகரிப்புக்கும் ஆட்டுக்குட்டிக்குப் பதில் இரண்டு பறவைகள் போதும் என்ற சலுகை உண்டு. லூக்கா 2-ல் மரியாளும் யோசேப்பும் செலுத்தியது அதுதான்.

நம் பிரசங்கங்களில் அதிகம் விட்டுப்போவது குற்றநிவாரணபலி. தன்னிடம் ஒப்படைத்த அடைக்கலப் பொருளை ஏமாற்றி, பொய்ச் சத்தியமும் பண்ணினவர் அந்தப் பொருளையும் அதோடு அதன் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் உரியவருக்குக் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கடாவை மட்டும் கொண்டுவந்து நின்றால் காரியம் ஆகாது. சிலுவை எல்லாவற்றையும் தீர்த்தது என்று விசுவாசிக்கிறவர்களும் திருப்பிக் கொடுக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் இயேசு சொல்வதும் இதே திசையில்தான்.

வாசிக்க ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 9-ம் அதிகாரம். ஜனங்களுக்காக முதல் பிரதான ஆசாரியரான ஆரோன் பாவநிவாரணபலி, தகனபலி, சமாதானபலி என்று எந்த முறையில் செலுத்தினார் என்பது அங்கே இருக்கிறது. அதன்பின் 1 முதல் 7 வரை, பிறகு 16. எபிரெயர் 9, 10-ஐக் கடைசியில் வையுங்கள்.